முட்டைக் கூடையும் உழுத வயலும்

மோட்டார் வண்டி செய்வோர் தம் வண்டியின் பெருமையை எப்படிச் சொல்வார்கள்? மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம், இத்தனை குதிரைத் திறன், இன்ன வண்ணம் என்றுதான் அடுக்குவார்கள். ஆனால் பிரான்சு நாட்டில் ஒரு வண்டிக்கு முட்டையே அளவுகோலாக அமைந்தது என்றால் வியப்பாக இல்லையா? ஒரு கூடை முட்டையை வண்டியில் ஏற்றி, உழுது போட்ட வயலின் குறுக்கே ஓட்டிச் செல்ல வேண்டும். மறுகரை சேரும்போது ஒரு முட்டைகூட உடைந்திருக்கக் கூடாது. இதுவே அவ்வண்டியைச் செய்த பொறியாளர்களுக்கு இடப்பட்ட கட்டளை என்று கூறப்படுகிறது. அந்தக் கட்டளையை நிறைவேற்ற அவர்கள் பட்ட பாட்டையும், அதில் அடங்கிய பௌதிகத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

கட்டளை பிறந்த கதை

1934-ஆம் ஆண்டில் சித்ரோயென் மோட்டார் கம்பெனி கடனில் மூழ்கியது. டயர் செய்யும் மிஷ்லின் கம்பெனியார் அதைத் தம் பொறுப்பில் ஏற்றனர். அவர்கள் அனுப்பிய நிர்வாகிகளுள் ஒருவர் பியேர்-ஜூல் பூலான்ஜே என்பவர். நாட்டுப்புறத்து உழவர்கள் இன்னும் குதிரை வண்டியிலும் கால்நடையாகவும் சந்தைக்குப் போவதைக் கண்டு, அவர்கள் வாங்கக்கூடிய ஒரு வண்டி வேண்டும் என்று அவர் எண்ணினார்.

அவர் விதித்த நிபந்தனைகள் புகழ்பெற்றவை. மரச்செருப்பு அணிந்த உழவர்கள் ஏறி அமர வேண்டும்; கூடவே 50 கிலோ உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும்; மணிக்கு 60 கி.மீ. போனால் போதும், 100 கி.மீ. செல்ல 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் கூடாது. புதிதாக ஓட்டப் பழகும் பெண்ணும் எளிதில் ஓட்ட வேண்டும். அழகைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. நான்கு சக்கரத்தின் மேல் ஒரு குடை இருந்தால் போதும் என்று அவர் சொன்னதாகக் கூறுவர். இத்தனைக்கும் மேலாக முட்டைக் கூடை!

வேலையை ஏற்றவர்களின் தலைவர் ஆந்த்ரே லெஃபேவ்ர். விமானத் தொழிலில் பயிற்சி பெற்றவர் அவர். எடை குறைப்பதன் அருமை தெரிந்தவர். வண்டியின் உருவத்தைப் பார்த்துக்கொண்டவர் ஃப்ளாமினியோ பெர்தோனி என்னும் இத்தாலியச் சிற்பி. 'மிகச் சிறிய வண்டி' என்னும் பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கொண்டு, அதற்கு டி.பி.வி. என்று இரகசியப் பெயர் இட்டனர். 1938-இல் லா ஃபெர்த்தே-விடாம் என்னும் இடத்தில் மதில் சூழ்ந்த பெரிய பண்ணை ஒன்றைக் கம்பெனி வாங்கியது. வெளியார் கண்ணில் படாமல் முன்மாதிரி வண்டிகள் அங்கே ஓடலாயின.

முட்டை ஏன் உடைகிறது?

முட்டை வேகத்தால் உடைவதில்லை. மணிக்கு நூறு கி.மீ. வேகத்தில் ஓடும் இரயிலில் முட்டைக்கு ஒன்றும் நேர்வதில்லை. வேகம் திடீரென மாறும்போதுதான் அது உடைகிறது. இதை நாங்கள் செய்து பார்த்தோம். ஒரு படுக்கை விரிப்பை இருவர் பிடித்துத் தொங்கவிட, அதன் மீது பச்சை முட்டையை ஒருத்தி ஓங்கி எறிந்தாள். முட்டை உடையவில்லை! அதே முட்டை ஒரு சாண் உயரத்திலிருந்து மேசையில் விழுந்ததும் நொறுங்கிற்று. விரிப்பு பின்வாங்கிக்கொண்டே முட்டையை மெல்ல நிறுத்துகிறது, மேசை பின்வாங்குவதில்லை.

எனவே உழுத வயலில் ஓடும் வண்டியும் விரிப்பைப்போல விட்டுக்கொடுக்க வேண்டும். சக்கரம் மேடேறிப் பள்ளத்தில் இறங்கட்டும்; அந்த ஆட்டம் மேலே உள்ளவரை மெதுவாக மட்டுமே எட்ட வேண்டும். அதற்கு மென்மையான ஸ்பிரிங் தேவை.

மென்மையும் அதன் விலையும்

ஸ்பிரிங் எவ்வளவு மென்மையாக இருக்கலாம்? நாம் ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலை ஆட்டிப் பார்த்திருக்கிறோம். 25 செ.மீ. நீளமுள்ள ஊசல் போய்த் திரும்ப ஒரு விநாடி ஆகும். ஸ்பிரிங்குக்கும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். தன் மேலுள்ள பாரத்தால் 25 செ.மீ. அமுங்கும் ஸ்பிரிங் விநாடிக்கு ஒரு முறை மேலும் கீழும் ஆடும். 6 செ.மீ. அளவே அமுங்கும் முரட்டு ஸ்பிரிங் விநாடிக்கு இரண்டு முறை ஆடும். மெல்ல ஆடினால் மனித உடல் அதைத் தாலாட்டாகக் கொள்கிறது; விரைந்து ஆடினால் குலுக்கலாக உணர்கிறது. ஆகவே அமுங்கும் தூரம் கூடுதலாக இருப்பது நல்லது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். கனமான வண்டியில் நான்கு பேர் ஏறினால் மொத்த எடையில் பெரிய மாறுதல் இல்லை. எடை குறைந்த சிறு வண்டியிலோ நான்கு பேரும் ஒரு மூட்டைக் கிழங்கும் ஏறினால், வண்டியின் எடையில் பாதிக்கு மேல் கூடிவிடும். ஓட்டுநர் ஒருவருக்கென்று மென்மையாக வைத்த ஸ்பிரிங் அப்போது தரை தட்டும். முழுப் பாரத்துக்கென்று முரடாக வைத்தால் தனியாகப் போகிறவரின் எலும்பு நோகும்.

அல்ஃபோன்ஸ் ஃபோர்சோ என்னும் பொறியாளர் 1939-ஆம் ஆண்டு முன்மாதிரிகளில் இதற்கு ஒரு வழி செய்தார். ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கினால் திரும்பிக்கொள்ளும் எஃகுக் கம்பிகள் எட்டைப் பின் இருக்கையின் அடியில் வைத்தார். அவற்றுள் பக்கத்துக்கு ஒன்று 'மிகைப்பாரக் கம்பி'. மூன்று பேர் ஏறும்வரை அது சும்மா இருக்கும். நான்காமவரும் மூட்டையும் ஏறினால்தான் வேலை செய்யத் தொடங்கும். வழி நல்லதே, ஆனால் அமைப்பு மிகவும் சிக்கலானது. மலிவாகச் செய்து ஏழைக்கு விற்க வேண்டிய வண்டிக்கு அது பொருந்துமா என்ற கேள்வி எஞ்சியது.

முன்னும் பின்னும் கைகோத்தல்

மேலும் கீழும் ஆடுவதைவிடத் தொல்லையானது முன்னும் பின்னும் சாய்ந்தாடும் ஆட்டம். முன் சக்கரம் கல்லின் மேல் ஏறும்போது மூக்கு உயர்கிறது. அடுத்த கணம் பின் சக்கரம் ஏற, மூக்கு தாழ்ந்து முதுகு உயர்கிறது. உள்ளே இருப்பவர் தலையாட்டி பொம்மை ஆகிவிடுகிறார். முட்டைக் கூடையின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

இறுதியாக விற்பனைக்கு வந்த வண்டியில் இதற்குக் கண்ட தீர்வு மிக அழகானது. வண்டியின் அடியில், இரு பக்கமும், தரைக்கு இணையாக ஓர் உருளை படுத்திருக்கிறது. அதனுள் இரண்டு சுருள் ஸ்பிரிங்குகள். முன் சக்கரத்தைத் தாங்கும் கையிலிருந்து வரும் கம்பி ஒரு ஸ்பிரிங்கை அமுக்குகிறது. பின் சக்கரத்தின் கம்பி மற்றதை அமுக்குகிறது. உருளையோ இறுகப் பூட்டப்படாமல் சற்று முன்னும் பின்னும் நகரும்படி விடப்பட்டிருக்கிறது.

முன் சக்கரம் கல்லில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கம்பி இழுக்க ஸ்பிரிங் அமுங்குகிறது. கூடவே உருளையும் முன்னோக்கி நகர்கிறது. அந்த நகர்வு பின் சக்கரத்தின் கம்பியை இழுத்து, பின் சக்கரத்தைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. எனவே வண்டியின் பின்புறமும் சற்று உயர்கிறது. மூக்கு மட்டும் தூக்குவதற்குப் பதிலாக முழு வண்டியும் ஏறத்தாழ மட்டமாக எழுந்து தாழ்கிறது. பின் சக்கரத்துக்கு அடி விழும்போது முன் சக்கரம் அதே உதவியைத் திருப்பிச் செய்கிறது. ஒன்றுக்கு விழுந்த அடியை மற்றது பங்கிட்டுக்கொள்கிறது!

துள்ளும் சக்கரம்

உட்கார்ந்திருப்பவர் குலுங்காவிட்டால் மட்டும் போதாது. காற்றடைத்த டயரும் ஒரு ஸ்பிரிங்தான். பந்து துள்ளுவதுபோல, சக்கரமும் டயரின் மேல் விநாடிக்கு ஏறத்தாழப் பத்து முறை துள்ளப் பார்க்கும். தரையை விட்டு எழும்பிய சக்கரம் திரும்பவும் செய்யாது; பிரேக்குக்கும் அடங்காது. ஆகவே துள்ளலை அடக்குவது சுகத்துக்காக மட்டுமன்று, உயிர்ப் பாதுகாப்புக்காகவும்தான்.

இதற்கெனச் சக்கரத்தைத் தாங்கும் ஒவ்வொரு கையிலும் செங்குத்தான ஒரு சிறு குழாயைப் பொருத்தினார்கள். குழாயினுள் ஓர் இரும்பு எடை, ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்திருக்கிறது. சக்கரம் மேலே துள்ளும்போது எடை தன் சடத்துவத்தால் பின்தங்குகிறது. சக்கரம் கீழே வரும்போது எடை மேலே போகிறது. இவ்வாறு எடை எப்போதும் எதிர்த்திசையில் ஆடிச் சக்கரத்தின் சக்தியைத் தான் வாங்கிக்கொள்கிறது. சக்கரத்தின் துள்ளலுக்குப் பொருந்துமாறு அதன் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதே இதில் உள்ள சூட்சுமம். பொருத்தம் தவறினால் அது வெறும் சுமையாகிவிடும். பிற்கால வண்டிகளில் எண்ணெய் நிறைந்த ஷாக் அப்சார்பர்கள் வந்து இவ்வேலையை ஏற்றன.

நடுங்கும் எஞ்சின், அதிரும் தகரம்

சாலையால் வரும் ஆட்டம் ஒன்று. எஞ்சினால் வரும் அதிர்வு மற்றொன்று. முன்மாதிரிகளில் இருந்தது தண்ணீரால் குளிரும் எஞ்சின். வால்டர் பெக்கியா என்பவர் போர்க்காலத்தில் அதைக் கைவிட்டு, காற்றால் குளிரும் புதிய எஞ்சினை வரைந்தார். தண்ணீரே இல்லாததால் குளிர்காலத்தில் உறைய ஒன்றுமில்லை, ரேடியேட்டரும் வேண்டாம். 375 சி.சி. அளவே உள்ள அந்தச் சிறு எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள், ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாகப் படுத்திருக்கும். ஒரு பிஸ்டன் இடப்புறம் பாயும் அதே கணத்தில் மற்றது வலப்புறம் பாயும். சம எடையுள்ள இருவர் எதிரெதிராகக் கயிறு இழுப்பதுபோல, ஒன்றின் உதைப்பை மற்றது பெரும்பாலும் அழித்துவிடும்.

இன்னொரு தொல்லை, மெல்லிய தகரம். எடை குறைக்க வேண்டித் தகரத்தை மெலிதாக்கினால் அது பறையைப்போல அதிரும். ஒரு தாளை நுனியில் பிடித்தால் தொங்கிவிடுகிறது. விசிறிபோல மடித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கிறது அன்றோ? அந்த உண்மையைக் கொண்டுதான் எஞ்சினை மூடும் தகட்டில் வரிவரியாக மடிப்புகள் அமைத்தார்கள். கூரைக்கோ தகரமே வேண்டாம் என்று சுருட்டி வைக்கத்தக்க கித்தானைப் போட்டார்கள்.

இருக்கைகளும் பல சோதனைகளைக் கண்டன. முன்மாதிரிகளில் அவை ஊஞ்சல்போலக் கூரையிலிருந்து கம்பிகளால் தொங்கின! விற்பனை வண்டியில் குழாய்ச் சட்டத்தில் ரப்பர் பட்டைகளை இழுத்துக் கட்டி, அதன் மேல் துணி போர்த்தினார்கள்.

திருப்பும் கை

இவ்வண்டியில் எஞ்சின் முன் சக்கரங்களையே சுழற்றுகிறது. அதே சக்கரங்கள்தாம் திரும்பவும் வேண்டும். ஒரே கையால் குடத்தையும் பிடித்து, அதே கையால் கதவையும் திறப்பதுபோன்ற சங்கடம் இது.

ஸ்டியரிங் தண்டின் நுனியில் ஒரு சிறு பல் சக்கரம். அது பற்கள் வெட்டிய ஒரு சட்டத்தை இடமும் வலமும் நகர்த்தும். சட்டம் சக்கரங்களைத் திருப்பும். இச்சட்டத்தை முன் சக்கரங்களுக்கு இடையே செல்லும் குழாயின் உள்ளேயே மறைத்து வைத்தார்கள். உறுப்புக்கள் குறைவு, ஆகவே தளர்ச்சியும் குறைவு. கை திருப்பியதைச் சக்கரம் உடனே கேட்கும்.

ஆனால் ஒரு குறை எளிதில் நீங்கவில்லை. திரும்பும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்ல வளையும் மூட்டு வேண்டும். சாதாரண யுனிவர்சல் ஜாயின்ட் நேராக இருக்கும்போது சீராகச் சுழலும். வளைந்து நிற்கும்போதோ, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைந்தும் இரண்டு முறை தாமதித்தும் சுழலும். எனவே தொடக்க கால வண்டிகளில் கூர்மையான திருப்பத்தில் வேகம் கூட்டினால் ஸ்டியரிங் கையிலே நடுங்கும். பின்னாளில் இரண்டு மூட்டுகளை அடுத்தடுத்து வைத்தார்கள். முதல் மூட்டு செய்த பிழையை இரண்டாவது நேர்செய்ய, நடுக்கம் தணிந்தது.

மென்மையான ஸ்பிரிங்கின் மற்றொரு விலையையும் சொல்ல வேண்டும். திருப்பங்களில் இவ்வண்டி படகுபோல ஒரு பக்கம் சாயும். முதன்முறை ஏறுபவர் அஞ்சிக் கதவைப் பிடித்துக்கொள்வார். ஆனால் எஞ்சின் தாழ்வாகப் படுத்திருப்பதாலும், கூரை வெறும் கித்தான் ஆனதாலும், எடை எல்லாம் கீழேயே இருக்கிறது. சாய்ந்தாலும் எளிதில் கவிழாது. சக்கரங்கள் தரையை விடாமல் பற்றிக்கொள்ளும்.

போர் வந்தது

1939 கோடையில் ஏறத்தாழ 250 வண்டிகள் உருவாகியிருந்தன. ஆகஸ்டில் அரசின் அனுமதியும் கிடைத்தது. அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் காட்டுவதாகத் திட்டம். செப்டம்பர் 3-ஆம் நாள் பிரான்சு போரில் இறங்கியது. கண்காட்சி நின்றது. அடுத்த ஆண்டு ஜெர்மானியப் படைகள் நாட்டைப் பிடித்தன. தம் வண்டி அவர்கள் கையில் சிக்கக் கூடாது என்பதற்காக முன்மாதிரிகளைப் பெரும்பாலும் உடைத்துவிட்டார்கள், சிலவற்றை ஒளித்துவைத்தார்கள்.

பல ஆண்டு உழைப்பு வீணாயிற்றோ என்று தோன்றும். போரின் கொடுமையை நாம் எவ்வகையிலும் புகழ மாட்டோம். ஆயினும் தடைப்பட்ட அந்த ஆண்டுகளில் பொறியாளர்கள் கைகட்டி இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1939-ஆம் ஆண்டு வண்டியில் விலையுயர்ந்த மக்னீசியக் கலவை இருந்தது, சிக்கலான முறுக்குக் கம்பிகள் இருந்தன, தண்ணீர் எஞ்சின் இருந்தது. மறைவாக வேலை செய்து ஒவ்வொன்றையும் மாற்றினார்கள். மூன்று கியருக்கு மேல் கூடாது என்பது பூலான்ஜேயின் ஆணை. பெக்கியா நான்கு வைத்துவிட்டு, நான்காவது கியரே அன்று, பெட்ரோலை மிச்சப்படுத்தும் ஓர் ஏற்பாடு மட்டுமே என்று சொல்லித் தலைவரைச் சம்மதிக்கச் செய்தாராம்!

சிரித்தவர்களும் காத்திருந்தவர்களும்

1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில், குடியரசுத் தலைவர் வின்சென்ட் ஓரியோல் முன்னிலையில் வண்டியின் திரை விலகியது. 'டெ ஷவோ', அதாவது 'இரண்டு குதிரை' என்பது அதன் பெயர். சாம்பல் நிறம், கித்தான் கூரை, மடிப்பு மடிப்பான தகரம். தகர டப்பா என்று பலர் நகைத்தனர். டப்பா திறக்கும் கருவியும் கூடத் தருவீர்களா என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டதாகக் கதை உண்டு.

ஆனால் உழவர்களும், கிராமத்து மருத்துவர்களும், பங்குக் குருக்களும் நகைக்கவில்லை. அவர்கள் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1964-இல் வெளிவந்த 'சான் த்ரோபேயின் ஜாந்தார்ம்' என்னும் நகைச்சுவைத் திரைப்படத்தில், இவ்வண்டியைத் தலைதெறிக்க ஓட்டும் கன்னிகாஸ்திரீ ஒருவர் வருகிறார். மக்கள் அவ்வளவு தூரம் அதைத் தம் வீட்டு வண்டியாக ஏற்றுக்கொண்டனர். 1990 ஜூலையில் போர்த்துக்கல் நாட்டில் கடைசி வண்டி வெளிவரும் வரை 38 இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன.

தம் கனவின் முழு வெற்றியைப் பூலான்ஜே காணவில்லை. 1950 நவம்பரில் ஒரு மோட்டார் விபத்தில் அவர் இறந்தார். 1990-களில் லா ஃபெர்த்தே-விடாம் பண்ணையில் ஒரு களஞ்சியத்தின் பரண் மீது மூன்று பழைய முன்மாதிரிகள் தூசி படிந்து கிடக்கக் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றைப் பழுது பார்க்காமல் இருந்தபடியே பேணி வைத்தார்கள். குறைகள் நிறைந்த அவ்வண்டிகளும் பார்க்கத்தக்கவையே. ஏனெனில் அந்தக் குறைகளே நல்ல வண்டிக்கு ஆசிரியர்களாக இருந்தன.

முட்டை தரும் பாடம்

இவ்வளவையும் படித்தபின் எங்களுக்கு ஒன்று தோன்றுகிறது. பூலான்ஜே தன் பொறியாளர்களிடம் வலிமைமிக்க வண்டியைக் கேட்கவில்லை. வண்டியில் ஏறக்கூடியவற்றுள் மிகவும் எளிதில் உடைவதைக் காட்டி, அது உடையாமல் இருக்கட்டும் என்றார். முட்டைக்கு நோகாத வண்டி முதியவர்க்கும் நோகாது, நோயாளிக்கும் நோகாது, கைக்குழந்தைக்கும் நோகாது. மிக மெலியதை அளவுகோலாகக் கொண்டதால் அனைவருக்கும் நன்மை விளைந்தது.

தோழியரே, நம் வகுப்பும் ஒரு வண்டிதான். முதல் வரிசையில் இருப்பவர்கள் எவ்வளவு விரைகிறார்கள் என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லிவிடும். ஆனால் எளிதில் கலங்கும் ஒருத்தி, பேச அஞ்சும் ஒருத்தி, வீட்டுத் துன்பத்தை மனத்தில் சுமந்து வரும் ஒருத்தி நம்மிடையே உடையாமல் ஊர் போய்ச் சேர்கிறாளா? ஒருத்திக்கு விழும் அடியை மற்றவள் பங்கிட்டுக்கொள்கிறாளா? ஆண்டு முடிவில் நம்மை நாமே இவ்வாறு கேட்டுப் பார்ப்போமாக. சிறியோரைப் பேணும்படி அன்றாடம் ஜெபத்திலும் பாடத்திலும் கேட்கிற நமக்கு, இதைவிடப் பொருத்தமான தேர்வு வேறு உண்டோ?